என் முகம் கடவுள் மாதிரி இல்லையாம்மா?

வாசகர் கடிதம்:

"டாக்டர், நாங்கள் திருமங்கலம் பக்கம். சிஎஸ்ஐ சபை. என் மகனுக்கு எட்டு வயது. பிறக்கும்போதே இடது பக்கம் உதடும் அண்ணமும் பிளந்திருந்தது. ஐந்தாவது மாதத்தில் உதட்டுக்கும் ஒரு வயதில் அண்ணத்துக்கும் ஆபரேஷன் செய்தோம். தழும்பு இருக்கிறது, மூக்கு அந்தப் பக்கம் லேசாக அமுங்கியிருக்கும், மற்றபடி நன்றாக இருக்கிறான். போன மாதம் சண்டே ஸ்கூலில் ஆதியாகமம் பாடம். டீச்சர் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்கச் சொல்லி, 'இதுதான் தேவனுடைய சாயல்' என்று சொல்லியிருக்கிறார். இவன் முறை வந்தபோது ஒரு பையன், 'அப்போ இயேசப்பாவுக்கும் உதட்டுல தையல் போட்டிருக்குமா டீச்சர்?' என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையானால் வயிறு வலிக்கிறது என்கிறான். பேசும்போது கையால் வாயை மறைக்கிறான். ஒரு நாள் ராத்திரி, 'என் முகம் கடவுள் மாதிரி இல்லையாம்மா?' என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நான் மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படி ஆனது என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்கிறார். இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனிதன் கடவுளைப் போல இருக்கிறான் என்பது உண்மைதானா? இப்படி யோசிப்பது பாவமா? அவனை அனுப்புவதை நிறுத்திவிடலாமா? அப்புறம், ஈறில் இன்னும் ஓர் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது என்று பல் டாக்டர் சொல்கிறார். அது தேவைதானா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நடுவில் இருக்கிற கேள்வியைத்தான் முதலில் எடுக்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மனிதன் கடவுளைப் போல இருக்கிறானா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சுக்குள் நான் போகப்போவதில்லை; எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது தெரிந்து நீங்கள் படிப்பதுதான் நியாயம். ஆனால் கடவுளை முழு மனதாக நம்புகிறவர்கள்கூட, நம் மூக்கும் வாயும் அவரைப் பார்த்துச் செய்தவை என்று நம்பவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அப்படி நம்ப ஆரம்பித்தால் அதன் பாரம் முழுக்க உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.

நான் பிளாஸ்டிக் சர்ஜன், வேலை மதுரையில்தான். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்வதுதான் என் வேலையில் பெரும்பங்கு. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே, முகம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

கரு உருவாகி நாலாவது வாரத்தில் அதற்கு முகம் என்று ஒன்று கிடையாது. வாய் வரப்போகிற குழியைச் சுற்றி ஐந்து சின்ன மேடுகள் இருக்கும். நெற்றிப் பக்கமிருந்து ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கீழ்த்தாடைக்கு இரண்டு. இவை வளர்ந்து, நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டித்தான் முகம் ஆகிறது. மேலுதட்டைப் பொறுத்தவரை, மூக்குப் பக்கமிருந்து இறங்கி வரும் நடுப்பகுதியும் கன்னப் பக்கமிருந்து வரும் இரண்டு பகுதிகளும் ஆறு, ஏழாவது வாரத்தில் சேர்கின்றன. அப்போது கருவின் மொத்த நீளமே ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர்தான். அண்ணம் அதற்குப் பிறகு. நாக்கின் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி நிற்கும் இரண்டு தட்டுகள் மேலெழும்பிப் படுக்கைவாட்டில் வந்து நடுவில் சந்திக்கும், பன்னிரண்டாவது வாரவாக்கில் மூடிவிடும். இந்தச் சேர்க்கை எங்காவது ஓரிடத்தில் நடக்காமல் போனால் அங்கே பிளவு அப்படியே நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் உங்கள் மகனுக்கு நடந்தது.

இப்போது விரலால் உங்கள் மூக்குக்குக் கீழே தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னப் பள்ளம், அதன் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக மெல்லிய இரண்டு மேடுகள். அந்த மேடுகளை ஒட்டித்தான் உங்கள் உதடும் ஒரு காலத்தில் சேர்ந்தது. அந்த டீச்சருக்கும், சிரித்த பிள்ளைகளுக்கும், உங்கள் மாமியாருக்கும், எனக்கும் தாயின் வயிற்றில் சில நாட்கள் மேலுதடு சேராமல்தான் இருந்தது. எங்களுக்கு வயிற்றுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, உங்கள் மகனுக்கு ஐந்தாவது மாதத்தில் ஒரு சர்ஜன் சேர்த்து வைத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் பெற்றோரிடம் இதை நான் தவறாமல் சொல்வேன், பல பேர் அப்படியே தங்கள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இது மனிதனுக்கு மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. கன்றுக்குட்டி அண்ணம் பிளந்து பிறக்கும், நாய்க்குட்டி பிறக்கும், கால்நடை டாக்டரைக் கேட்டால் சொல்வார். கோழிக்கு அண்ணத்தின் நடுவில் பிளவு இருப்பதுதான் இயல்பு, முயலுக்கு மேலுதட்டில் பிளவு இருப்பதுதான் இயல்பு. முகத்தை உண்டாக்கும் இந்த முறை மனிதன் வருவதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பே மீனிலும் பல்லியிலும் புழங்கிய முறை, கொஞ்சம் கொஞ்சமாக மாறி நம் வரைக்கும் வந்திருக்கிறது. நம் குரல்வளைக்குப் போகிற நரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்க நரம்பு மூளையிலிருந்து புறப்பட்டு, குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறி வருகிறது. மீனுக்கு அது நேர் வழியாக இருந்தது, கழுத்து நீண்ட பிறகு சுற்று வழி ஆகிவிட்டது. ஒரு முழுமையான உருவத்தைப் பார்த்து அப்படியே செய்த உடம்பு என்றால் இப்படி ஒரு பாதை எதற்கு? நான் உடம்பைக் குறை சொல்லவில்லை. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் அதைப் பார்த்து எனக்கு வியப்பு குறையவில்லை. ஆனால் அது ஒரு நீண்ட வரலாற்றின் உடம்பு.

ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். குழந்தை மயக்கத்துக்குப் போனதும் முதல் வேலை கத்தி எடுப்பது இல்லை, அளப்பது. உதட்டின் சிவப்பும் மேல்தோலும் சந்திக்கிற கோடு, அதில் வில் போல வளைந்த உச்சி, மூக்குத் துவாரத்தின் அடி, வாயின் ஓரம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஊசிமுனையால் மையைத் தொட்டுப் புள்ளி வைப்போம், புள்ளிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைக் காலிப்பரால் மில்லிமீட்டர் கணக்கில் எடுப்போம். அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் தப்பிச் சேர்ந்தாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் பட்டுவிடும், அதனால் இந்தப் புள்ளி வைக்கிற நேரத்தில் தியேட்டரில் யாரும் பேசமாட்டார்கள். அமெரிக்க சர்ஜன் ரால்ஃப் மில்லார்ட் 1950களில் வகுத்த முறையை ஒட்டித்தான் உலகம் முழுக்கப் பல பேர் இன்றும் செய்கிறோம். சரி, எதைப் பார்த்து அளக்கிறோம்? உங்கள் மகனைப் போல ஒரு பக்கம் மட்டும் பிளவு உள்ள குழந்தைக்கு, அதே குழந்தையின் மறு பக்கத்தைப் பார்த்துத்தான். வலது பக்கம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு இடது பக்கத்தை இறக்குகிறோம். அழகான உதடு இப்படித்தான் இருக்கும் என்று ஒரு படத்தைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு எந்த சர்ஜனும் குழந்தையின் உதட்டைத் தைப்பதில்லை. உங்கள் மகனின் இடது பக்கத்துக்கு மாதிரி அவனுடைய வலது பக்கம்தான், வேறு யாருடைய முகமும் கிடையாது.

இனி உங்கள் வேதத்துக்கு வருகிறேன். நான் நம்பிக்கையாளன் இல்லை என்றாலும் அதைப் படித்தவன்.

ஆதியாகமம் முதல் அதிகாரம் 26, 27ஆம் வசனங்கள்தான் அந்தப் பாடம். மனிதனைத் தேவன் தம் சாயலாக உண்டாக்கினார், ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினார் என்று சொல்கிறது. அந்தச் சாயல் முகத்தில் இருக்கிறது என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடி அந்த டீச்சர் சேர்த்தது. உபாகமம் நாலாம் அதிகாரத்தில், ஓரேப் மலையில் கர்த்தர் பேசிய நாளில் நீங்கள் ஒரு ரூபத்தையும் காணவில்லை, அதனால் எந்த உருவத்தையும் செய்துகொள்ளாதீர்கள் என்று மோசே ஜனங்களை எச்சரிக்கிறார். ஏசாயா 40ஆம் அதிகாரத்தில், தேவனை யாருக்கு ஒப்பிடுவீர்கள் என்ற கேள்வி நேராகவே வருகிறது. இப்படி யோசிப்பது பாவமா என்று கேட்டீர்களே, பாவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் உங்கள் தீர்க்கதரிசியே கேட்ட கேள்வியைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆயர் ஆகப் படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் பாடமே.

அப்படியானால் சாயல் என்பது என்ன? இரண்டாயிரம் வருடமாகப் பெரிய பெரிய ஆட்கள் இதற்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் மனதில் தேடினார், நினைவு, அறிவு, சித்தம் என்ற மூன்றிலும். இன்னொரு கிறிஸ்தவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ் அறிவில் வைத்தார். யூத அறிஞர் மைமோனிடிஸ், கடவுளுக்கு உடம்பே கிடையாது, சாயல் என்பது அறிவுதான் என்று அழுத்தமாக எழுதினார். பூமியை ஆளும் அதிகாரம்தான் சாயல் என்று சிலர், உறவு கொள்ளும் தன்மைதான் என்று இன்னும் சிலர். இவர்கள் எல்லாருமே முகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதுவரை சந்தோஷம். ஆனால் எனக்கு இதில் ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. அறிவுதான் சாயல் என்றால், மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளையை எங்கே வைப்பது? நினைவுதான் என்றால், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன பாட்டிக்கு அது போய்விட்டதா? உறவுதான் என்றால், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காத, பேசாத ஆட்டிசப் பிள்ளை? எதைச் சாயல் என்று வைத்தாலும் யாரோ சில பேர் வெளியே நிற்கிறார்கள், வெளியே நிற்கிறவர்கள் எப்போதும் உடம்பாலும் மனதாலும் ஏற்கெனவே கஷ்டப்படுகிறவர்களாகவே இருக்கிறார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல உடம்போடு நல்ல படிப்போடு இருக்கிறவர்கள் உட்கார்ந்து, தங்களிடம் எது சிறப்பாக இருக்கிறதோ அதையே கடவுளின் அடையாளம் என்று எழுதிவைத்தார்கள். லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஆரோனின் வம்சத்தில் பிறந்தவனாகவே இருந்தாலும் உடம்பில் குறை உள்ளவன் பலிபீடத்தண்டை வரக்கூடாது, குருடன் வரக்கூடாது, சப்பாணி வரக்கூடாது என்று வரிசையாகப் போகிறது. எல்லாரும் தேவ சாயல் என்று சொல்கிற அதே புத்தகத் தொகுப்பில்தான் அதுவும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் மனதார மதிக்கிறேன். அந்தக் காலத்து எகிப்திலும் அசீரியாவிலும் தெய்வத்தின் உருவம் என்று அழைக்கப்பட்டவர் அரசர்தான். ஆதியாகமம் அதை அரசன் கையிலிருந்து எடுத்து எல்லா ஆணுக்கும் பெண்ணுக்கும் கொடுத்தது, அது சின்ன காரியம் இல்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் அந்தச் சாயலைக் காரணம் காட்டி, மனித ரத்தத்தைச் சிந்தாதே என்று சொல்கிறது. யாரையும் கொல்லாதே, யாரையும் தாழ்வாக நடத்தாதே என்று சொல்வதற்காக அந்தக் கருத்தை ஒருவர் எடுத்தால் நான் அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். 1948இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் எந்தக் கடவுளையும் இழுக்காமலேயே, எல்லா மனிதரும் மதிப்பில் சமமாகப் பிறக்கிறார்கள் என்று சொல்லிவிட்டது, எனக்கு அது போதும். உங்களுக்குக் கடவுள் வழியாக அந்த இடத்துக்கு வருவது பிடித்திருந்தால் தாராளமாக வாருங்கள். ஆனால் அதை எட்டு வயதுப் பையன் கையில் கண்ணாடியாகக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையன் கேட்ட கேள்வி இருக்கிறதே, எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. டீச்சர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போயிருக்கிறான். கிரேக்கத்தில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்னால் செனோபனீஸ் என்று ஒருவர் இதையே மறுபக்கத்திலிருந்து சொன்னார். எத்தியோப்பியர் தங்கள் தெய்வங்கள் கறுப்பு என்கிறார்கள், திரேசியர் தங்கள் தெய்வங்களுக்கு நீலக் கண் என்கிறார்கள், மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து படம் வரையத் தெரிந்தால் அவை மாடாகவும் குதிரையாகவும்தான் தெய்வத்தை வரையும் என்றார். உங்கள் வீட்டில் மாட்டியிருக்கிற இயேசு படத்தைப் பாருங்கள். பழுப்பு முடி, வெள்ளைத் தோல், கூர்மையான மூக்கு இருந்தால், 1940இல் அமெரிக்காவில் வார்னர் சால்மன் என்ற ஓவியர் வரைந்த படமாகவோ அதைப் பார்த்து வரைந்ததாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கலிலேயாவில் முதல் நூற்றாண்டில் தச்சு வேலை செய்த ஒரு யூதருக்கு அந்த முகம் இருந்திருக்காது. உங்கள் மகன் தன் உதட்டை ஒப்பிட்டுப் பார்த்து நொந்துபோவது கடவுளோடு இல்லை, ஓர் அமெரிக்க ஓவியத்தோடு.

நம் ஊர்க் காரியத்தையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் கும்பிடுகிறவை இல்லைதான், ஆனால் உங்கள் மகன் தினமும் பார்த்து வளர்கிறவை. மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகருக்கு யானை முகம். யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயிலில் சிங்க முகம். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு முகமே கிடையாது, மூடியிருக்கிற கதவுதான் சாமி. அதற்குத்தான் சந்தனம், அதற்குத்தான் மாலை, அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் நம் ஆட்கள் நடுங்குவார்கள். எங்கள் குடும்பமே கருப்பசாமி கும்பிடுகிற குடும்பம்தான். கண்ணும் மூக்கும் இல்லாத சாமியிடம் என் அப்பத்தா அத்தனை உரிமையோடு பேசுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தெய்வத்துக்கு மனித முகம் இருந்தே ஆகவேண்டும் என்ற பேச்சு சின்ன வயதிலிருந்தே ஒட்டியதில்லை. மீனாட்சியே உடம்பில் ஒரு வித்தியாசத்தோடு மூன்று தனங்களோடு பிறந்தாள், பாண்டியன் கவலைப்பட்டான் என்பதுதானே இந்த ஊர்க் கதை. ஆனால் அந்தக் கதையிலும் மாப்பிள்ளையைப் பார்த்ததும் அது மறைந்துவிடுகிறது. வித்தியாசத்தை வித்தியாசமாகவே விட்டுவைக்க எந்த மதத்துக்காரருக்கும் மனது வருவதில்லை என்பது என் வருத்தம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். யாராவது நல்ல மனதோடு உங்களிடம் வந்து, உயிர்த்தெழுந்த இயேசுவின் கையிலும் தழும்பு இருந்ததே, சீஷன் தோமாவிடம் அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாரே, அதனால் உன் மகன்தான் மற்றவர்களைவிட அதிகமாக அவரைப் போல இருக்கிறான் என்று சொல்லக்கூடும். அன்பான பேச்சுதான், கேட்கும்போது கண் கலங்கும். இருந்தாலும் இதைப் பிள்ளையிடம் சொல்லவேண்டாம் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். அது மறுபடியும் அதே அளவுகோல், இந்தத் தடவை அவன் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். அவன் தழும்புக்கு ஒரு புனிதமான அர்த்தம் இருந்தே ஆகவேண்டுமா என்ன? ஆபரேஷன் நன்றாக ஆறியதற்கான அடையாளம் அது. அதைச் சுமந்துகொண்டு அவன் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம்.

கிரகணம். இதில் நான் நயமாகப் பேசமாட்டேன். உங்களால் இது வரவில்லை. உலகத்தில் சுமார் 700 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை உதட்டுப் பிளவோடோ அண்ணப் பிளவோடோ பிறக்கிறது, கிரகணம் தெரிந்த வருடத்திலும் தெரியாத வருடத்திலும், அந்தப் பேச்சையே கேள்விப்படாத நாடுகளிலும். மெக்சிகோவிலும் பெரியவர்கள் இதே கிரகணக் கதையைச் சொல்கிறார்கள். பயந்த மனிதர்கள் எங்கேயும் வானத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் வீட்டில் இருக்கிற பெண்ணைப் பார்க்கிறார்கள். உண்மையில் பல மரபணுக்களும் சூழ்நிலையும் சேர்ந்து நடப்பது இது. வலிப்புக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, புகை போன்றவை வாய்ப்பைக் கூட்டும், பெரும்பாலான குழந்தைகளில் இன்ன காரணம் என்று விரல் நீட்ட எதுவுமே இருக்காது. அடுத்த குழந்தைக்கு வருமோ என்ற பயம் இருந்தால், பொதுவாக அந்த வாய்ப்பு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரைதான், அதற்கு முன்பே ஒரு டாக்டரைப் பார்த்து ஃபோலிக் ஆசிட் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் வேதம் படிக்கிறவராக இருந்தால் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இது இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்பதுதான் இயேசுவின் பதில். உங்கள் கணவர் இதைத் தன் அம்மாவிடம் சொல்லவேண்டும், நீங்கள் இல்லை. எட்டு வருடமாக இதை நீங்கள் ஒருத்தியாகக் கேட்டுக்கொண்டிருப்பது சரியில்லை.

மகனுக்கு என்ன பதில் சொல்வது? அவன் கேட்டதற்கு மட்டும், சுருக்கமாக. "கடவுள் எப்படி இருப்பார்னு யாரும் பார்த்ததில்லடா. நம்ம முகம் அவர் முகம் மாதிரி இருக்குன்னு அந்த வசனத்துல சொல்லல. டீச்சர் கண்ணாடி காட்டினது அவங்க யோசனை." இவ்வளவு போதும். உடனே, நீதான் உலகத்திலேயே அழகு என்று ஆரம்பிக்காதீர்கள், அவன் அழகைப் பற்றிக் கேட்கவில்லை, எட்டு வயதுப் பிள்ளைக்கு மழுப்பல் நன்றாகவே தெரியும். அவன் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த போட்டோ இருந்தால் காட்டுங்கள். பல வீடுகளில் அதை ஒளித்துவைத்து விடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது, எல்லாருக்கும் வயிற்றுக்குள் உதடு சேரும் கதையை அவனுக்குச் சொல்லுங்கள், உங்கள் உதட்டு மேட்டை அவனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே யாராவது கேட்டால் சொல்வதற்கு அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும், "பிறக்கும்போது என் உதடு சேரல, டாக்டர் தச்சுட்டாங்க" என்கிற மாதிரி, அவன் வாயில் சுலபமாக வருகிற வாக்கியம். வீட்டில் நாலைந்து தடவை விளையாட்டாகச் சொல்லிப் பழகட்டும். பதில் கையில் இருக்கிற பிள்ளைகள் கொஞ்ச நாளில் வாயை மறைப்பதை விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை கையை எடு, கையை எடு என்று அதட்டாதீர்கள். அப்புறம், அண்ணப் பிளவு இருந்த பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்து கேட்பது மந்தமாவது உண்டு, மூக்கால் பேசுவதும் உண்டு. வாயை மறைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காது பரிசோதனையும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் ஒரு தடவையும் கட்டாயம் போய்வாருங்கள்.

சண்டே ஸ்கூலை நிறுத்துவதா என்றால், நிறுத்துகிறேன் என்று நீங்களாக முடிவு எடுக்காதீர்கள், அவன் தப்புச் செய்துவிட்டதால்தான் நின்றது போல அவனுக்குத் தோன்றிவிடும். முதலில் டீச்சரைத் தனியாகப் பாருங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாடத்தைச் சுவையாக்க நினைத்திருக்கிறார். ஆனால் என்ன நடந்தது, அதற்குப் பிறகு வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனை எழுப்பி மன்னிப்புக் கேட்பதோ ஜெபம் பண்ணுவதோ வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவனை யாரும் பார்த்ததில்லை என்பதை அடுத்த பாடமாக அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்கட்டும், அதற்கு அவருக்கு வசனம் நிறைய கிடைக்கும். அவர் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்றால் ஆயரிடம் போங்கள். அதற்குப் பிறகும் அவன் போக மாட்டேன் என்றால் சில மாதம் உங்களோடு பெரியவர்கள் ஆராதனையில் உட்காரட்டும், குடி முழுகிவிடாது.

கடைசியாக ஈறு. பல் டாக்டர் சொன்னது சரிதான், தேவை. மேல் ஈறில் பிளவு போன இடத்தில் எலும்பு இல்லாமல் ஓர் இடைவெளி இருக்கும், நிரந்தரக் கோரைப்பல் அந்த வழியாகத்தான் இறங்கவேண்டும். எலும்பு இல்லாவிட்டால் பல் சரியாக வராது, வந்தாலும் நிற்காது, மூக்கின் அடிப்பகுதிக்கும் தாங்கல் இருக்காது. பொதுவாக 8 வயதிலிருந்து 11 வயதுக்குள், அந்தப் பல் இறங்குவதற்கு முன்னால், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்போம். சரியான நேரத்தை வயதை வைத்து முடிவு செய்வதில்லை, எக்ஸ்ரேயில் பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்வோம். சில பிள்ளைகளுக்கு அதற்கு முன் சில மாதம் மேல்தாடையை விரிக்கக் கம்பி போடவேண்டியிருக்கும், அதனால் தள்ளிப்போடாமல் இப்போதே காட்டிவிடுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. பிறவிக் குறைபாடுகளுக்கு 18 வயது வரை அரசு குழந்தைகள் நலத் திட்டத்தில் உதவி உண்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கேளுங்கள். போகும்போது பழைய ஆபரேஷன் சீட்டு இரண்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள், அண்ணத்தை எந்த முறையில் மூடினார்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.